ஈயமற்ற பெற்றோலும் எமது பழைய வாகனங்களும்

ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகிய பெயர்களைக் கேட்டதும் எமது நாட்டின் மூத்த தலைமுறையினருக்கு ஒரு காலகட்டம் முழுவதும் நினைவுக்கு வரும். பிரசவ வலி கண்ட பெண்ணை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதும், மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்து வந்ததும், ஹஜ் கடமைக்குப் புறப்பட்டவர்களை வழியனுப்பச் சென்றதும் இவ்வாகனங்களிலேயாகும். இவற்றுள் ஒரு பகுதி இன்றும் எமது வீதிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரையில் 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டு காலத்தில் பழைய வாகனங்களுக்கான கிராக்கி அதிகரித்தது. கொட்டில்களில் தூசி படிந்து கிடந்தவை கூட திருத்தப்பட்டு வீதிக்கு வந்தன.

இவ்வாறு வந்தவற்றின் உரிமையாளர்கள் ஒரு கேள்வியைத் தொடர்ந்து கேட்டு வருகின்றனர். ஈயம் கலந்த பெற்றோலுக்காகத் தயாரிக்கப்பட்ட இயந்திரத்தை, ஈயமற்ற பெற்றோலில் ஓட்டினால் பழுதடையுமா என்பதே அக்கேள்வி. ஒரு கராஜில் கேட்டால் எதுவும் ஆகாது என்கின்றனர். இன்னொரு கராஜில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி உடனே வேலை செய்ய வேண்டும் என்கின்றனர். உதிரிப்பாகக் கடையிலோ ஒரு சிறு போத்தலைக் கையில் கொடுத்து, இதைத் தாங்கியில் ஊற்றினால் போதும் என்கின்றனர். மூன்று பதில்களிலும் ஓரளவு உண்மை உண்டு. எது எந்த வாகனத்துக்குப் பொருந்தும் என்பதை அறியாதபோது, வீண் செலவோ அல்லது இயந்திரச் சேதமோ உரிமையாளரின் தலையில் விழுகின்றது. எனவே இவ்விடயத்தை சற்று விளக்கமாக நோக்குவது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

ஈயம் ஏன் சேர்க்கப்பட்டது?

பெற்றோல் இயந்திரத்தின் சிலிண்டருக்குள் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை பிஸ்டனால் அமுக்கப்படுகின்றது. உரிய தருணத்தில் பிளக்கிலிருந்து பொறி பறந்து அக்கலவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை சீராக எரிய வேண்டும். எரிபொருளின் தரம் தாழ்ந்ததாயின், தீச்சுவாலை சென்றடைவதற்கு முன்னரே மிகுதிக் கலவை அமுக்கத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே வெடித்து விடுகின்றது. ஏற்றத்தில் பாரத்துடன் செல்லும்போது இயந்திரத்திலிருந்து சுத்தியலால் தட்டுவது போன்று எழும் ஓசை இதுவேயாகும். எமது சாரதிகள் இதனை நொக்கிங் என அழைப்பர். இது தொடருமாயின் பிஸ்டன் உடைந்து போகவும் கூடும். இவ்வாறு தானாக வெடிப்பதை எதிர்க்கும் ஆற்றலையே ஒக்டேன் எண் குறிக்கின்றது.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய தோமஸ் மிட்ஜ்லி, 1921 டிசம்பரில் இதற்கு ஒரு பரிகாரத்தைக் கண்டறிந்தார். ரெட்ராஎதில் ஈயம் என்னும் திரவத்தை மிகச் சிறிதளவு பெற்றோலில் கலந்தால் நொக்கிங் நின்று விட்டது. 1923 இல் இப்பெற்றோல் விற்பனைக்கு வந்தது. மலிவான இந்த வழியினால் எரிபொருளின் ஒக்டேன் எண்ணை உயர்த்த முடிந்தது. இயந்திரங்களை அதிக அமுக்கத்துடன் வடிவமைக்கவும், அதே அளவு பெற்றோலில் அதிக வலுவைப் பெறவும் முடிந்தது. அடுத்து வந்த அரை நூற்றாண்டில் தயாரான பெற்றோல் வாகனங்களுள் பெரும்பாலானவை ஈயம் கலந்த எரிபொருளை மனதிற்கொண்டே வடிவமைக்கப்பட்டன.

ஆயினும் ஈயம் நஞ்சென்பது அன்று அறியப்படாத ஒன்றல்ல. 1924 ஒக்டோபரில் நியூஜேர்சி மாநிலத்தின் பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் இத்திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்களுள் ஐவர் சித்தம் கலங்கி உயிரிழந்தனர். அதே மாதத்தில் மிட்ஜ்லி பத்திரிகையாளர்கள் முன்னிலையில் இத்திரவத்தில் கைகளைக் கழுவியும், அதன் ஆவியை முகர்ந்தும் காட்டி ஆபத்தில்லை எனச் சாதித்தார். முந்திய ஆண்டிலேயே அவர் ஈய நஞ்சேறலினால் பாதிக்கப்பட்டு ஓய்வெடுக்க நேர்ந்திருந்தது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. 1925 இல் சிறிது காலம் நிறுத்தப்பட்ட விற்பனை, 1926 இல் மீண்டும் ஆரம்பமானது.

பிள்ளைகளின் இரத்தத்தில் கலந்த நஞ்சு

புகைக்குழாய் வழியாக வெளியேறிய ஈயம் காற்றிலும், வீதியோர மண்ணிலும், வீட்டுத் தூசியிலும் படிந்தது. பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என 1956 இல் நிறுவிய அமெரிக்கப் புவி இரசாயனவியலாளர் கிளயார் பற்றர்சன், தமது ஆய்வுகூடத்தில் எந்த மாதிரியை எடுத்தாலும் அதில் வெளியிலிருந்து வந்த ஈயம் கலந்திருப்பதைக் கண்டு வியந்தார். அதன் ஊற்றைத் தேடிச் சென்ற அவர், தொழில்மயமான நாடுகளின் மக்களது உடலில் இயற்கை அளவை விடப் பன்மடங்கு ஈயம் சேர்ந்திருப்பதாக 1965 இல் எழுதினார். 1979 இல் வைத்தியர் ஹேர்பேர்ட் நீடில்மன் பாடசாலைப் பிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து ஆராய்ந்தார். நோய்க்குறி எதுவும் வெளியே தெரியாத பிள்ளைகளிடத்தும், பல்லில் ஈயம் கூடியவர்களின் நுண்ணறிவுப் புள்ளிகள் குறைந்திருந்ததையும் அவர்களது வகுப்பறைக் கவனம் சிதறியிருந்ததையும் அவர் எடுத்துக் காட்டினார்.

உட்கொள்ளப்படும் ஈயத்தில் சிறு பிள்ளைகளின் உடல் உறிஞ்சும் பங்கு, வளர்ந்தவர்களினதை விட நான்கு முதல் ஐந்து மடங்கு வரை அதிகமாகும். உறிஞ்சப்பட்ட ஈயம் எலும்பிலும் பல்லிலும் சேர்ந்து நெடுங்காலம் தங்கி விடுகின்றது. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலைப்பாடாகும்.

ஈயத்தை நீக்கியதன் பலனையும் அளந்து பார்த்துள்ளனர். அமெரிக்காவில் 1970 களின் பிற்பகுதியில் ஒருவரின் இரத்தத்தில் டெசிலீற்றருக்கு சராசரியாக 12.8 மைக்ரோகிராமாக இருந்த ஈயம், ஈயப் பெற்றோலின் பாவனை வீழ்ச்சியடைந்ததைத் தொடர்ந்து 1990 அளவில் 2.8 மைக்ரோகிராமாகக் குறைந்தது. பெருந்தொகையான மக்களின் உடல்நலத்தை ஒரேயொரு பொருளை நீக்கியதன் மூலம் இவ்வளவு விரைவாக மேம்படுத்திய வேறு உதாரணங்கள் சிலவே உண்டு.

இதன் விளைவாக ஒவ்வொரு நாடாக ஈயத்தைக் கைவிட்டது. அமெரிக்காவில் வீதி வாகனங்களுக்கான ஈயப் பெற்றோல் 1996 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. பிரித்தானியாவில் 1999 ஆம் ஆண்டின் இறுதியுடன் பொது விற்பனை முடிவுக்கு வந்தது. இந்தியா 2000 பெப்ரவரியில் நாடு முழுவதும் ஈயமற்ற பெற்றோலுக்கு மாறியது. இலங்கையில் 2002 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஈயம் நீக்கப்பட்டது. இறுதியாக 2021 ஜூலையில் அல்ஜீரியாவின் நிரப்பு நிலையங்களில் ஈயப் பெற்றோல் தீர்ந்து போனதுடன், உலகின் எந்த நாட்டிலும் கார்களுக்கு அது விற்கப்படாத நிலை உருவானது. பிஸ்டன் இயந்திரம் பொருத்திய சிறு விமானங்களின் எரிபொருளில் மாத்திரம் அது இன்னும் எஞ்சியுள்ளது.

ஆகவே ஈயம் திரும்பி வரப் போவதில்லை. வரவும் கூடாது. பழைய இயந்திரத்தைப் புதிய எரிபொருளுக்கு எவ்வாறு பழக்குவது என்பதே எம் முன்னுள்ள கேள்வியாகும்.

வால்வின் இருக்கையில் நடப்பது என்ன?

ஒக்டேன் எண்ணை உயர்த்தியதுடன் ஈயம் இன்னொரு வேலையையும் செய்து வந்தது. சிலிண்டரில் எரிந்த வாயு வெளியேறும் வாயிலை மூடித் திறப்பது எக்சோஸ்ட் வால்வு. அது மூடும்போது வந்து அமரும் வளையமான விளிம்பையே கராஜ்காரர்கள் வால்வு சீற் என்கின்றனர். பழைய பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் இவ்விளிம்பு தனியான பாகமன்று. வார்ப்பிரும்பினாலான சிலிண்டர் ஹெட்டிலேயே நேரடியாக வெட்டப்பட்டதாகும்.

எரிந்த ஈயத்தின் ஒட்சைட்டுகளும் ஏனைய சேர்வைகளும் இவ்விருக்கையின் மீது மெல்லிய படையாகப் படிந்தன. செந்நிறமாகக் காயும் வால்வுக்கும் வார்ப்பிரும்புக்கும் இடையே இப்படை ஒரு திண்ம மசகாக நின்று, உலோகத்துடன் உலோகம் நேரடியாக முட்டுவதைத் தடுத்தது. ஈயம் இல்லாதபோது இப்பாதுகாப்பு அற்றுப் போகின்றது. உயர் வெப்பத்தில் வால்வு ஒவ்வொரு முறையும் வந்து மோதும்போது, இருக்கையின் நுண்ணிய இரும்புத் துணிக்கைகள் வால்வின் முகத்தில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகின்றன. ஒட்டிய துணிக்கைகள் கடினமான இரும்பு ஒட்சைட்டாக மாறி, அரத்தைப் போன்று இருக்கையை மேலும் அராவுகின்றன. இருக்கை தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் புதைந்து செல்கின்றது.

வால்வு புதையும்போது அதன் மறுமுனை மேலெழுந்து, ரப்பெற் இடைவெளி குறைகின்றது. இடைவெளி முற்றாக இல்லாமற் போனால் வால்வு முழுமையாக மூடாது. அதன் வழியே எரிவாயு கசிந்து வால்வின் விளிம்பு கருகும். அமுக்கம் குறைந்து இயந்திரம் வலுவிழக்கும். காலையில் எழுப்புவதும் கடினமாகும். இதுவே ஈயமற்ற பெற்றோலினால் பழைய இயந்திரத்துக்கு ஏற்படக்கூடிய பிரதான சேதமாகும். இன்லெற் வால்வு உள்ளே வரும் குளிர்ந்த கலவையினால் ஆற்றப்படுவதனால் அதற்கு இப்பாதிப்பு மிகக் குறைவு.

எந்த வாகனத்துக்கு ஆபத்து?

எல்லாப் பழைய வாகனங்களும் இந்த ஆபத்துக்கு உட்பட்டவை அல்ல. டீசலில் ஒருபோதும் ஈயம் கலக்கப்பட்டதில்லை என்பதால் டீசல் லொறிகள், வான்கள், உழவு இயந்திரங்கள் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. வெஸ்பா போன்ற டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் இத்தகைய வால்வுகளே கிடையா. எனவே அவற்றுக்கும் பாதிப்பில்லை.

அலுமினிய சிலிண்டர் ஹெட் கொண்ட இயந்திரங்களும் பொதுவாகப் பாதுகாப்பானவை. அலுமினியம் மென்மையான உலோகமாதலால், அதில் நேரடியாக வால்வு இருக்கையை வெட்ட முடியாது. ஆகவே கடினமான உலோக வளையங்கள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தன. வொக்ஸ்வோகன் பீட்டில் கார் இவ்வகையைச் சேர்ந்தது. எமது பகுதிகளில் பெரிதும் விரும்பப்பட்ட ஹொண்டா எம்.டி.90 போன்ற மோட்டார் சைக்கிள்களையும் இதில் அடக்கலாம். ஜப்பான் 1970 களிலேயே ஈயமற்ற பெற்றோலுக்கு மாறத் தொடங்கியதனால், அதன் பின்னர் அங்கு தயாரான கார்கள் பற்றியும் கவலைப்பட வேண்டியதில்லை.

எஞ்சுபவை வார்ப்பிரும்பு ஹெட் கொண்ட பழைய கார்கள். 1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட மொறிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போர்ட், பழைய மினி ஆகியன இவ்வகையினவாகும். இவற்றிலும் கூட, எவ்வாறு ஓட்டப்படுகின்றது என்பதைப் பொறுத்தே சேதத்தின் வேகம் அமைகின்றது. வால்வு இருக்கையின் தேய்மானம் இயந்திரத்தின் சுழற்சி வேகத்துடனும் பாரத்துடனும் வெகுவாகக் கூடுகின்றது. மெதுவாகவும் குறுந்தூரமும் ஓடும் வாகனத்தில் அது கவனத்திற்கு வராத அளவு சிறிதாகவே இருக்கும்.

யாழ்ப்பாணம் கண்ட அனுபவம்

இதற்குச் சான்று தேடி நாம் வெளிநாடுகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்ட பின்னர் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளானது. மக்கள் தமது கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். சில துளி பெற்றோலை காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே அன்றைய வழக்கம். பின்னால் எழுந்த வெண்புகையையும் அதன் நெடியையும் அக்காலத்தில் அங்கு வாழ்ந்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

மண்ணெண்ணெயில் ஈயம் இல்லை. ஆகவே உலக நாடுகள் பல ஈயமற்ற எரிபொருளுக்கு மாறுவது பற்றி விவாதித்துக் கொண்டிருந்த காலத்திலேயே, குடாநாட்டின் பழைய இயந்திரங்கள் நிர்ப்பந்தத்தினால் ஈயமின்றி ஓடின. அக்காலத்தில் அவற்றுக்கு ஏற்பட்ட சேதங்களின் பெரும்பகுதி வேறு காரணங்களால் விளைந்தது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகத் தாழ்ந்ததாகையால் நொக்கிங் ஏற்பட்டது. முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து இயந்திர எண்ணெயுடன் கலந்து அதன் மசகுத் தன்மையைக் கெடுத்தது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன. கரி படிந்தது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஒஸ்டின் ஏ40 கார்கள் ஓடியதற்கு, அவற்றின் தாழ்ந்த அமுக்க விகிதமும், குண்டும் குழியுமான வீதிகளில் அவை மெதுவாகவே செல்ல முடிந்தமையும் காரணங்களாகும்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டின் நடுப்பகுதியில் நாட்டின் பெற்றோலிலிருந்து ஈயமும் நீக்கப்பட்டது. பழைய கார்கள் யாவும் சில மாதங்களில் நின்று விடும் என்று அன்று சிலர் அஞ்சினர். அவ்வாறு எதுவும் நிகழவில்லை. பல ஆண்டுகளாகப் படிந்திருந்த ஈயப் படையும் தொடக்கத்தில் சில ஆயிரம் கிலோமீற்றர் வரை வால்வு இருக்கைகளைப் பாதுகாத்தது.

ஆனால் அந்த அனுபவத்தை வைத்து இன்றும் அசட்டையாக இருக்கலாமா? நாம் அவ்வாறு கருதவில்லை. முதலாவதாக, பழைய ஈயப் படை எப்போதோ தேய்ந்து போயிருக்கும். வால்வு அரைக்கும் வேலை ஒரு தடவை செய்யப்பட்டிருந்தாலும் அது அத்துடன் நீங்கியிருக்கும். இரண்டாவதாக, வீதிகள் மாறி விட்டன. 2009 இன் பின்னர் வடக்கு, கிழக்கு வீதிகள் காப்பற் இடப்பட்டன. 2011 நவம்பரில் தெற்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. முன்னர் சந்தைக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஓடிய கார், இன்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை ஒரே மூச்சில் ஓட்டப்படுகின்றது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் மொறிஸ் மைனரின் இயந்திரம் நிமிடத்துக்கு சுமார் 4,000 தடவைகள் சுழல வேண்டியுள்ளது. வால்வு இருக்கைகள் விரைந்து தேய்வது இத்தகைய நீண்ட, வேகமான ஓட்டத்தின்போதேயாகும். வீதி நன்றாக இருப்பதே பழைய இயந்திரத்துக்கு ஆபத்தாகி விட்டதென்று கூறினும் மிகையாகாது.

உரிமையாளர்கள் செய்ய வேண்டியவை

முதலில் தமது வாகனத்தின் ஹெட் வார்ப்பிரும்பா அலுமினியமா என்பதையும், முன்னர் கடின இருக்கைகள் பொருத்தப்பட்டுள்ளனவா என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். 2002 இன் பின்னர் இயந்திரம் முழுமையாகத் திருத்தப்பட்டிருந்தால் இவ்வேலை ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கவும் கூடும்.

இரண்டாவதாக, ரப்பெற் இடைவெளியை ஒழுங்காக அளந்து ஒரு கொப்பியில் குறித்து வர வேண்டும். மொறிஸ் மைனரின் ஏ வரிசை இயந்திரத்தில் இது குளிர்ந்த நிலையில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, அதாவது ஏறத்தாழ 0.30 மில்லிமீற்றர் ஆகும். சரிசெய்து சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பின்னர் மீண்டும் அளக்கும்போது, எக்சோஸ்ட் வால்வுகளில் மாத்திரம் இடைவெளி குறைந்து, அடுத்த தடவையும் அவ்வாறே குறைந்தால், இருக்கை தேய்கின்றது என்பது பொருள். குறையவில்லையாயின் ஹெட்டைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. சில நூறு ரூபா பெறுமதியான அளவுத் தகடு ஒன்று, பெருந்தொகைச் செலவு தேவையா இல்லையா என்பதைச் சொல்லி விடும்.

மூன்றாவதாக, தேய்மானம் உறுதியானால் நிரந்தரப் பரிகாரம் ஒன்றே உண்டு. ஹெட்டைக் கழற்றி, எக்சோஸ்ட் வால்வுகளின் இருக்கைகளை இயந்திரத்தில் கடைந்தெடுத்து, கடின உலோக வளையங்களை இறுக்கமாகப் பொருத்தி, பொருத்தமான புதிய வால்வுகளை இட வேண்டும். இது துல்லியம் தேவைப்படும் வேலை. வளையம் தளர்வாகப் பொருத்தப்பட்டால் அது ஓட்டத்தின்போது கழன்று விழுந்து பிஸ்டனையே உடைத்து விடும். கடைந்தெடுப்பவர் அளவு பிழைத்தால், ஹெட்டின் உள்ளே செல்லும் நீர்ப்பாதை வரை துளை விழவும் இடமுண்டு. ஆகவே அனுபவமுள்ள பட்டறையை நாடுவது அவசியம். வேறு தேவைக்காக ஹெட் கழற்றப்படும் சந்தர்ப்பத்தில் இவ்வேலையையும் சேர்த்துச் செய்து கொள்வது சிக்கனமாகும்.

நான்காவதாக, போத்தல் மருந்துகள் பற்றிய உண்மையையும் கூற வேண்டும். பொட்டாசியம், சோடியம், பொஸ்பரஸ், மங்கனீஸ் ஆகியவற்றின் சேர்வைகளைக் கொண்ட சில திரவங்கள், ஈயம் செய்த காப்பு வேலையை ஓரளவு செய்யக் கூடியவையே. பிரித்தானியாவின் வரலாற்று வாகனக் கழகங்களின் சம்மேளனம் இத்தகைய திரவங்கள் சிலவற்றைப் பரிசோதித்து அங்கீகாரம் வழங்கியுள்ளது. எனினும் ஒவ்வொரு தடவையும் உரிய அளவில் சேர்த்தாலே பயன் கிடைக்கும். ஒரு வகையுடன் இன்னொரு வகையைக் கலக்கக் கூடாது. உள்ளடக்கம் எதுவென்று லேபலில் குறிப்பிடப்படாத போத்தலை வாங்காதிருப்பதே நன்று. தாங்கிக்குள் இடும் உலோக உருண்டைகள், எரிபொருட் குழாயில் கட்டும் காந்தங்கள் ஆகியன வால்வு இருக்கையைக் காக்கும் என நம்புவதற்கு விஞ்ஞான அடிப்படை எதுவும் இல்லை.

ஐந்தாவதாக, ஒக்டேன் எண்ணையும் ஈயத்தையும் ஒன்றெனக் குழப்பிக் கொள்ளலாகாது. இலங்கையில் முன்னர் விற்கப்பட்ட 90 ஒக்டேன் பெற்றோலுக்குப் பதிலாக இன்று 92, 95 ஒக்டேன் வகைகள் விற்கப்படுகின்றன. இரண்டிலும் ஈயம் இல்லை. 95 ஒக்டேன் நொக்கிங்கைக் குறைக்குமேயன்றி வால்வு இருக்கையைக் காப்பாற்றாது. ஒஸ்டின் ஏ40 போன்று அமுக்க விகிதம் ஏழின் அளவில் உள்ள இயந்திரங்களுக்கு 92 ஒக்டேன் தாராளமாகப் போதும். அதற்கு மேல் செலவழிப்பது வீண். விகிதம் எட்டைத் தாண்டிய இயந்திரத்தில், ஏற்றங்களில் நொக்கிங் கேட்டால், 95 ஒக்டேனை நிரப்பலாம் அல்லது டிஸ்ரிபியூட்டரைச் சிறிது திருப்பி டைமிங்கைப் பிற்படுத்தலாம். அளவுக்கு மீறிப் பிற்படுத்தினால் இயந்திரம் சூடேறும். சூடேறினால் எக்சோஸ்ட் வால்வுகளே முதலில் பாதிக்கப்படும்.

திடீரென நொக்கிங் கேட்கத் தொடங்கினால் ஈயமற்ற பெற்றோல் மீது பழி போடுவதற்கு முன்னர், அதில் மண்ணெண்ணெய் கலக்கப்பட்டிருக்கின்றதா என்றும் ஐயுற வேண்டும். கலப்படம் ஒக்டேன் எண்ணை வெகுவாகத் தாழ்த்தி விடும். நேற்றுவரை நன்றாக ஓடிய கார் வேறிடத்தில் நிரப்பிய பின்னர் தட்டத் தொடங்கினால் காரணத்தை ஊகிப்பது கடினமல்ல.

கராஜில் கவனிக்க வேண்டியது

பழைய வாகனங்களைத் திருத்தும் தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை கூற விரும்புகின்றோம். 2002 இற்கு முன்னர் நிறுத்தப்பட்டு, போரின்போது கைவிடப்பட்டு, இன்று மீண்டும் எழுப்பப்படும் வாகனங்கள் எமது பகுதிகளில் உள்ளன. அவற்றின் ஹெட்டினுள்ளும் சைலன்சரினுள்ளும் சாம்பல் நிறத்தில் படிந்திருப்பது வெறும் கரி அன்று. அதில் ஈயச் சேர்வைகள் உண்டு. உலர்ந்த நிலையில் கம்பித் தூரிகையால் தேய்த்தால் அத்தூசு மூச்சுடன் உட்செல்லும். நனைத்துச் சுத்தம் செய்வதும், முகமூடி அணிவதும், கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொடுவதும் முக்கியமாகும். வேலை உடுப்புடன் வீடு திரும்பிப் பிள்ளையைத் தூக்கும் தந்தை, தான் அறியாமலே அந்நஞ்சை வீட்டுக்குக் கொண்டு செல்கின்றார். கராஜில் உதவிக்கு நிற்கும் சிறுவர்களை இவ்வேலையில் ஈடுபடுத்தவே கூடாது. குழாயை வாயில் வைத்து பெற்றோல் இழுக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். ஈயம் நீங்கினாலும் பெற்றோல் பெற்றோலே. அதிலுள்ள பென்சீன் புற்றுநோயை ஏற்படுத்தவல்லது.

எரிபொருள் இத்துடன் மாறாமல் நின்று விடப் போவதுமில்லை. அண்டை நாடான இந்தியாவில் 20 சதவீத எத்தனோல் கலந்த பெற்றோல் 2023 பெப்ரவரியில் அறிமுகமானது. எத்தனோல் பழைய இறப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் இளகச் செய்யும். நீரை உறிஞ்சித் தாங்கியில் துருவையும் உண்டாக்கும். அத்தகைய எரிபொருள் இங்கும் வருமாயின், ஈயம் நீக்கப்பட்ட வேளையில் விடப்பட்ட தவறு மீண்டும் நிகழக் கூடாது. எந்த வாகனத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்ற விளக்கத்தை மும்மொழிகளிலும் முன்கூட்டியே மக்களுக்கு வழங்குவது அதிகாரிகளின் கடமையாகும்.

பழைய காரை வைத்திருப்போர் பலருக்கு அது தந்தையின் நினைவு. சிலருக்கு இன்றும் அதுவே சீவனோபாயம். அதனைப் பாதுகாக்க விரும்புவதில் தவறில்லை. ஒரு சிலிண்டர் ஹெட்டைத் திருத்துவதற்கான செலவு பெரிதாகத் தோன்றலாம். ஆனால் வால்வு இருக்கையைப் பட்டறையில் புதிதாகப் பொருத்த முடியும். ஈயத்தினால் மழுங்கிய பிள்ளையின் மூளையைத் திருத்துவதற்கு எந்தப் பட்டறையும் இல்லை. 2002 இல் எமது நாடு எடுத்த முடிவின் நியாயம் இதுவேயாகும். அம்முடிவின் பலனை எமது பிள்ளைகள் அனுபவிக்கின்றனர். அதற்கான சிறு விலையை, அளவுத் தகட்டையும் கொப்பியையும் கையில் வைத்துக்கொண்டு அறிவுடன் செலுத்துவது எம்மால் இயலாத காரியமன்று.